ராஜபாண்டியின் வாயும் மூன்று மவுத்பீஸ்களும்

2007 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு ராஜபாண்டி நல்லூரை விட்டுப் போனார்.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடும்பங்கள். எட்டுக் கதவுகளும் திறந்திருந்தன, ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. ராஜபாண்டியின் மேலுதடு பழைய தையல் போட்ட இடத்திலேயே மறுபடியும் பிளந்திருந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அதில் பாதி அவருடையது, மீதி வேறொருவருடையது. அவர் மனைவி ராமாயி ஒரு கட்டைப்பையில் இரண்டு லுங்கியையும் ஒரு துண்டையும் திணித்துக்கொண்டிருந்தாள். அவர் ஊதும் பெரிய பித்தளை வாத்தியமான யூபோனியத்தை, பனியன் வேஸ்ட் கட்டும் சாக்கு ஒன்றில் ஏற்கெனவே போட்டு வாயைக் கட்டிவிட்டாள்.

"நாலு மணிக்குள்ள வந்துருவாங்களாம். கெளம்பு."

"நீ?"

"என்னைய என்ன செய்வாங்க? நானா ஊதுனேன்?"

தெருமுனையில் பேண்டு செட் வைத்திருக்கும் கருப்புசாமி, டிவிஎஸ் வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார். அவர் இடது கண் வீங்கி மூடியிருந்தது. தாராபுரம் பஸ், காலையில் அடிதடி நடந்த அவிநாசிபாளையம் வழியாகத்தான் போகும். அங்கே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள் என்பதால், காங்கயம் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து வேறு வழியாக அனுப்புவது என்று பேசி வைத்திருந்தார்கள். ராஜபாண்டி சாக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு வீங்கியிருந்ததால் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வண்டி போய்விட்டது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த முகம்தான். நல்ல மனிதர் என்று சொல்லி ஆரம்பிக்க முடியாது. எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ராஜபாண்டிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தாய் தகப்பன் இல்லாமல் ஒரு விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். அங்கே பேண்டு வாத்தியம் உண்டு. பதின்மூன்று வயதில் ஒரு பையனின் கையை முறித்துவிட்டு வார்டன் முன்னால் நின்றபோது, வார்டன் அடித்து முடித்துவிட்டு, இருப்பதிலேயே கனமான வாத்தியத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் ஊத முடியும், அந்த நேரத்துக்காவது கை சும்மா இருக்கும் என்பது வார்டனின் கணக்கு. யூபோனியம் அவருக்கு வந்த வழி அது.

1994இல் திருப்பூருக்கு வந்தார். நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில், வட்டமாகச் சுற்றித் துணி பின்னும் மெஷினில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். முகூர்த்த நாட்களில் கருப்புசாமியின் பேண்டு செட்டில் யூபோனியம். முதல் வருஷமே யூனிட் சூப்பர்வைசரின் மூக்கை உடைத்தார். பிறகு ஒரு லாரி டிரைவர். பிறகு அதே யூனிட்டில் ஒரு பீகார்க்காரர். அந்த மனிதர் செய்த தவறு, ராஜபாண்டி ஊதிப் பழகும்போது சிரித்தது. 2002இல் ராமாயியைக் கன்னத்தில் அறைந்தார். ராமாயி ஒரு கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் இருந்தாள். அன்று வீட்டில் சூடாக இருந்த அயர்ன் பாக்ஸை எடுத்து அவர் தொடையில் வைத்தாள். முக்கோணமாகத் தழும்பு. அதற்கப்புறம் அவள் மேல் அவர் கை நீளவில்லை. "அன்னிக்கித்தான் எங்களுக்கு நெசமான கல்யாணம்" என்று ராமாயி தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

நான் நாலரை வருஷம் வடக்கே ஊர் ஊராக அலைந்துவிட்டு 2006 ஆனியில் திரும்பி வந்தேன். பக்கத்து வீடு அவர்களுடையது. இரண்டு மாதம் கழித்து ஆவணியில் அது நடந்தது.

எங்கள் தெருவிலேயே ஒரு காதுகுத்து. காலையில் தாய்மாமன் சீர் ஊர்வலம். முன்னால் ஆடுகிறவர்கள், நடுவில் பேண்டு செட், பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். ராஜபாண்டி செட்டின் முன்வரிசையில் இருந்தார். அவருடைய யூபோனியம் மீரட்டில் செய்தது, பெல் முன்பக்கம் பார்த்து விரிந்திருக்கும். பெல் என்பது புனல் போன்ற அந்தப் பெரிய வாய். ஊதுவது பிடித்துப்போனால் ஆடுகிறவர்கள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து ஊதுகிறவர் சட்டையில் குத்துவார்கள். அது இங்கே மரியாதை. குத்துகிற கையைப் பார்க்காமல், வாயை எடுக்காமல், ஊதிக்கொண்டே இருப்பது ஊதுகிறவரின் மரியாதை. அன்று காலையில் ராஜபாண்டியின் சட்டையில் அப்படி இரண்டு நோட்டுகள் இருந்தன.

மூன்றாவதாக ஒரு இளவட்டம் வந்தான். நல்ல போதை. கையில் நோட்டு இல்லை.

"சத்தம் பத்துலீங்கண்ணா!" என்று கத்திக்கொண்டே, இரண்டு உள்ளங்கைகளாலும் பெல்லை ஓங்கித் தள்ளினான்.

ஊதும்போது மவுத்பீஸ் உதட்டில் அழுந்தியிருக்கும். உதட்டுக்குப் பின்னால் பல். பெல்லை யாராவது தள்ளினால் அந்தப் பித்தளை வளையம் நேராகப் பல்லில் போய் இறங்கும். மரக்கிளை முறிவது போன்ற ஒரு சத்தம் எனக்கே கேட்டது. ராஜபாண்டி கீழே விழவில்லை. யூபோனியத்தைத் தரையில் வைத்தார். அவ்வளவு ரத்தத்திலும் பார்த்து, நசுங்காமல், மெதுவாக வைத்தார். மவுத்பீஸை மட்டும் உருவினார். அதன் தண்டு இரண்டு விரலுக்கு நடுவில் வருகிற மாதிரி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தில் குத்தினார். இரண்டாவது குத்தில் அவன் காது கிழிந்து தொங்கியது. மூன்றாவது குத்து விழுவதற்குள் இருபது பேர் அவர் மேல் விழுந்தார்கள்.

செட்டின் கடைசி வரிசையில் பெரிய டிரம் அடிக்கிறவருக்கு முன்னால் நடந்தது ஒன்றும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். அந்தத் தாளத்துக்கே உதைகள் விழுந்தன. கருப்புசாமி ராஜபாண்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "போதுமுங்க, செத்துருவானுங்க, போதுமுங்க" என்று கத்தினார். அடிக்கிறவர்களிடமும் அவருக்கு மரியாதை விட்டுப்போகவில்லை.

மேலுதட்டில் ஆறு தையல். முன்பல் ஒன்று போய்விட்டது, பக்கத்துப் பல் பாதியாக உடைந்திருந்தது. காது கிழிந்தவன் வீட்டாரும் போலீசுக்குப் போகவில்லை, தள்ளியது தங்கள் பையன் என்பதால்.

மூன்றாம் நாள் கருப்புசாமி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். ராஜபாண்டியால் வாயைத் திறக்க முடியாது என்பது தெரிந்தும் ஆரஞ்சு.

"ஏனுங்க பாண்டி, நான் நேராவே சொல்லிப்போடறனுங்க. தை மாசக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் உங்க எடம் உங்களுக்குத்தான். அதுக்குள்ள ஊதிட்டீங்கன்னா செரி. இல்லீன்னா செல்வக்குமாரு ஊதட்டுமுங்க. அவனுக்கு வயசு இருபத்திமூணு, பல்லு முப்பத்திரண்டும் இருக்குது."

ராஜபாண்டி கையை ஆட்டி, போ என்றார்.

"போறனுங்க. ஆரஞ்சை ராமாயி திங்கட்டும்."

அதிலிருந்து அந்த ஐந்து மாதமும் அவருக்கு ஒரே ஒரு வேலைதான். தை கடைசியில் கூட்டத்துக்கு முன்னால் நின்று ஊத வேண்டும். மெஷினில் நின்று சாப்பாடு சம்பாதிக்கலாம், அதில் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஊதும்போதுதான் அடி வாங்காமலும் கொடுக்காமலும் நாலு பேர் முன்னால் நின்றிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. ராமாயி சொன்னாள். "ஊதாத பாண்டிய எனக்கு வேண்டாம் தாயி. இந்த ஆளு ஊதலேன்னா அடுத்து ஒருத்தன் சாவான். இல்லேன்னா நான் சாவேன்."

தையல் பிரித்தபின் முதல் தடவை பழைய மவுத்பீஸையே வைத்துப் பார்த்தார். கருவியோடு வந்தது அது. விளிம்பு ஒல்லி, கொஞ்சம் கூர்மை. கிண்ணம் நடுத்தர ஆழம். உதட்டில் அந்த விளிம்பு எங்கே பட்டு அவரைக் கிழித்ததோ, சரியாக அந்தத் தழும்பின் மேலேயே போய் உட்கார்ந்தது. காற்று விட்டதும் தழும்பு துடித்தது. ஒரு சுரம் வந்தது, பாதியில் பிசிறியது. மவுத்பீஸை எடுத்துச் சுவரில் அடித்தார். காரை பெயர்ந்தது. பக்கத்து வீட்டில் எங்கள் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

இரண்டாவதைக் கருப்புசாமி கொண்டுவந்தார். டிராம்போன் என்ற இன்னொரு பித்தளை வாத்தியத்துடைய மவுத்பீஸ். கிண்ணம் ஆழம் குறைவு, விட்டமும் சிறியது. அதனால் தழும்புக்கு உள்பக்கமாகவே அடங்கிவிட்டது. வலி இல்லை. ஆனால் தண்டு ஒல்லி, யூபோனியத்தின் குழாயில் செருகினால் ஆடியது, சந்தில் காற்று ஒழுகியது. ராஜபாண்டி யூனிட்டிலிருந்து காட்டன் நூல் கொண்டுவந்து, மெழுகு தேய்த்து, தண்டைச் சுற்றி இருபது சுற்றுச் சுற்றினார். திருப்பூரில் பைப் ஒழுகினாலும் நூல்தான், வாத்தியம் ஒழுகினாலும் நூல்தான்.

மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவே இல்லை. அமராவதி நகர் பக்கம் போய்விட்டு ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். வெளிநாட்டுச் சரக்கு, வெள்ளி முலாம் தேய்ந்தது. விளிம்பு அகலமாக, உருண்டையாக இருந்தது. கிண்ணம் முட்டை வைக்கலாம் போல ஆழம். விளிம்பு உதட்டுக்கு வெளியே, முழுப் பற்கள் இருக்கிற இடத்தில் போய் ஊன்றிக்கொண்டது. தழும்பு கிண்ணத்துக்குள் சும்மா தொங்கியது. இதன் தண்டு தடிமன், குழாய்க்குள் போகவில்லை. மெஷின் பார்ட்ஸ் கடைகிற லேத் பட்டறையில் கொடுத்து இழைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கடைந்துவிட, ராஜபாண்டி அவர் கழுத்தைப் பிடித்துவிட்டார். "பிடிச்சேன், நெரிக்கல" என்று ராமாயியிடம் விளக்கம் சொன்னார்.

வாய் பேச வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி.

ஊதுகிறவருக்குத் தன் சத்தம் வெளியே எப்படிப் போகிறது என்று தெரியாது. காதுக்குள் எலும்பு வழியாக ஒன்று கேட்கும், தெருவில் இருப்பவனுக்கு வேறொன்று கேட்கும். ஆகவே கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ராமாயி மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு எல்லாம் எருமை கத்துத மாதிரிதான் கேக்கும்." அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மெஷின்கள் நின்றிருந்தபோது, வாட்ச்மேனைக் கேட்டுக்கொண்டு யூனிட்டின் துணி குடோனுக்குள் போனோம். கூரை வரை துணி ரோல்கள். டிராம்போன் மவுத்பீஸில் ஊதினார். ஒல்லியாக, கொஞ்சம் மூக்கால் அழுவது போலக் கேட்டது. பெரியதை மாட்டி ஊதினார். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே என் நெஞ்சுக்குழியில் இறங்கியது. கையில் பிடித்திருந்த இரும்பு ரேக் அதிர்ந்தது. ஊதி முடித்துவிட்டு மூச்சு வாங்கக் குந்தி உட்கார்ந்தார். பெரிய கிண்ணம் இரண்டு மடங்கு மூச்சைக் கேட்டது.

"எது தங்கச்சி?"

"பெருசுதாங்கண்ணா. இதுல சந்தேகமே இல்லீங்க."

நாங்கள் செய்த தவறு அந்த இடம். துணி ரோல்கள் சத்தத்தைக் குடித்துவிடும். குறிப்பாக மேலே போகிற கூர்மையான சத்தத்தை. டிராம்போன் மவுத்பீஸின் ஜீவனே அந்தக் கூர்மைதான். அதை அங்கே துணி தின்றுவிட்டது. எங்கள் இருவருக்கும் இது தெரியவில்லை. அந்தக் குடோனில் அவர் மனது பெரியதின் மேல் உட்கார்ந்துவிட்டது.

பிறகு கருப்புசாமிதான் எங்களைக் காங்கயம் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். பகல் பதினோரு மணி, லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. என்னை முப்பது தப்படி தள்ளி நிற்கச் சொன்னார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பழைய மவுத்பீஸில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஒரே சுரம் ஊதினார். கேட்டது, கையைத் தூக்கினேன். டிராம்போனுடையதில் ஊதினார். தெளிவாகக் கேட்டது. நூறு தப்படி தள்ளிப் போனேன். அங்கேயும் லாரி சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. பெரியதில் ஊதினார். முப்பது தப்படிக்குத் திரும்பி வந்தும் ஏதோ வண்டி உறுமுவது போல இருந்தது, பாட்டு இன்னதென்று தெரியவில்லை. பத்துத் தப்படி கிட்டே வந்தேன். இன்னும் கிட்டே வந்தேன். பெல்லுக்கு ஐந்து தப்படியில் நின்றபோதுதான் குடோனில் கேட்ட அந்தச் சத்தம் மறுபடி நெஞ்சில் இறங்கியது. அங்கிருந்து நகரத் தோன்றவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் கருப்புசாமி. "பெருசுல ஊதுனா ஆளுங்க கிட்ட வருவாங்க. சின்னதுல ஊதுனா அங்கங்கயே நின்னு ஆடுவாங்க. ரோட்டுல ஊதறவனுக்கு ஆளு தூரமா நிக்கறதுதானுங்க நல்லது. உங்க வாய்க்கு இன்னமும் நல்லது."

"அது சத்தமா அண்ணாச்சி? தகர டப்பா."

"தகர டப்பாவுக்குப் பல்லு போவாதுங்க."

"நான் ஊதுனா பாண்டி ஊதுதான்னு தெரியணும். செல்வக்குமாரு மாதிரி ஊததுக்கு செல்வக்குமாரே போதும்."

கருப்புசாமி டிராம்போன் மவுத்பீஸைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மார்கழி முழுக்கப் பெரிய மவுத்பீஸில் மூச்சைப் பழக்கினார். ஷிஃப்ட் முடிந்து வந்து, லைன் வீட்டுக்குப் பின்னால் கரும்பலகை நிறத்தில் சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக நின்று ஊதுவார். கீழ்ச்சுரங்கள் முதலில் வந்தன. மேலே போகும்போது பெரிய கிண்ணத்தில் சுரம் தொய்ந்தது, உதட்டை இறுக்கித் தூக்க வேண்டியிருந்தது. தை பிறந்தபோது அதுவும் வந்துவிட்டது.

சத்தம் வந்தது. வேறொன்று போகவில்லை. ஊதும்போது யாராவது எதிரே நடந்து வந்தால் தலை தானாகப் பின்னுக்கு இழுத்தது. வாய் மவுத்பீஸை விட்டு விலகியது. கண் அந்த ஆளின் கையையே பார்த்தது. ராமாயி இதைக் கவனித்துவிட்டு, தினமும் அவர் ஊதும்போது கையை நீட்டிக்கொண்டு எதிரே வரத் தொடங்கினாள். கையில் துடைப்பம், கரண்டி, ஒருநாள் உரித்த வெங்காயம். "ஊது. நிப்பாட்டாத. நான் என்ன பேயா?" ஐந்தாவது நாள் அவள் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டாள். அவர் பெல்லால் அவள் தோளில் இடித்துத் தள்ளினார். அவள் எழுந்து வந்து பளார் என்று அறைந்தாள்.

"தொடைத் தழும்பு மறந்துபோச்சோ?"

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியாமப் பண்ணுததுதான் பயமா இருக்கு எனக்கு. தெரிஞ்சு பண்ணுனா நான் பாத்துக்கிடுவேன்."

தை இருபத்தெட்டு. அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தம். அவிநாசிபாளையத்தில் ஒரு காதுகுத்து, காலை ஒன்பது மணிக்குச் சீர் ஊர்வலம். ராமாயியும் நானும் பஸ்ஸில் போனோம். முப்பது தப்படியில் நில் என்று ராஜபாண்டி என்னிடம் சொல்லியிருந்தார். கருப்புசாமி கடைசி முறையாக அந்த டிராம்போன் மவுத்பீஸை அவர் சட்டைப் பையில் போட்டார். அவர் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஊர்வலம் ரோட்டோரமாகப் புறப்பட்டது. முதல் பாட்டில் மற்ற வாத்தியங்களுக்குள் அவர் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அவர் கன்னம் உப்புவது தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டில் கருப்புசாமி கையைத் தாழ்த்தி டிரம்களை அடக்கினார். அப்போது வந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். சீர்த்தட்டோடு நடந்த பெண்கள் வரிசை கலைந்து முன்னால் வந்தது. எல்லாரும் நகர்ந்தார்கள், பெல்லை நோக்கி, நான் அன்று காங்கயம் ரோட்டில் நகர்ந்தது போலவே. ராஜபாண்டியின் கண்கள் ஒவ்வொரு கையாகத் தாவுவதை நான் பார்த்தேன். ஆனாலும் வாயை எடுக்கவில்லை. ராமாயி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஊது, ஊது, ஊது" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாய்மாமன் பெயர் இளங்கோ. முப்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு. குழந்தையைப் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். பெல்லுக்கு நேரே வந்தார். வலது கையை உயர்த்தினார். விரல்களுக்கு நடுவில் மடித்த நோட்டு இருந்தது. எனக்குத் தெரிந்தது. ராமாயிக்குத் தெரிந்தது. பெல்லுக்குப் பின்னால் இருந்தவருக்குக் கை மட்டும்தான் தெரிந்தது.

ராஜபாண்டி யூபோனியத்தை முழு பலத்தோடு முன்னால் இடித்தார்.

பெல்லின் விளிம்பு இளங்கோவின் வாயில் பட்டது. அவர் உட்கார்ந்தது போலக் கீழே சரிந்தார். கையால் வாயைப் பொத்தினார், விரல் சந்துகளில் ரத்தம் வழிந்தது. எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கையில் இரண்டு பற்கள் இருந்தன. நோட்டு இன்னொரு கையில் அப்படியே இருந்தது. ராஜபாண்டி அதைப் பார்த்தார். "ஐயோ சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். குனிந்து அவரைத் தூக்கப் போனார். தூக்கப் போவதைக் கூட்டம் இன்னொரு அடி என்று நினைத்தது.

அடுத்த கால் மணி நேரத்தைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடியும். ஒரு சீர்த்தட்டு கருப்புசாமியின் கண்ணில் மோதியது. டிரம்மின் தோலை யாரோ செருப்புக்காலால் மிதித்துக் கிழித்தார்கள். வாழைப்பழங்கள் மிதிபட்டு ரோடு வழுக்கியது, அடித்தவர்களே விழுந்தார்கள். கிளாரினெட் ஊதுகிறவர் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினார். ராஜபாண்டி இந்த முறை கையைத் தூக்கவில்லை. யூபோனியத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்து, வாங்கினார். முகத்தில் ஒரு முழங்கால் பட்டபோது உதடு பிளந்தது. ராமாயி கூட்டத்துக்குள் புகுந்து, கையில் அகப்பட்டவர்கள் முதுகிலெல்லாம் செருப்பால் அடித்தபடி அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். பொம்பளையை அடிக்க இரண்டு பேர் யோசித்தார்கள். அந்த யோசனையில் நாங்கள் ஒரு லோடு ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

ஆட்டோவில் அவர் வாய் கோணியபடி கேட்டார். "நோட்டா?"

ராமாயி முந்தானையால் அவர் உதட்டை அழுத்திப் பிடித்தாள். நான்தான் சொன்னேன். "நோட்டுதாங்கண்ணா."

நல்லூருக்கு வந்து சேர்ந்தோம். மதியம் மூன்று மணிக்குப் போனார்.

நாலரைக்கு அவர்கள் வந்தார்கள். இரண்டு ஜீப், பத்துப் பதினைந்து பைக். ராமாயி அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடி அவன்?"

"ஓடிட்டான். உள்ள வந்து பாருங்க. மொதல்ல யாரு வாரது?"

யாரும் முதலில் வரவில்லை. கதவை உதைத்து ஒரு தாழ்ப்பாளை உடைத்துவிட்டு, வாசலில் இருந்த தண்ணீர்க் குடங்களை உருட்டிவிட்டுப் போனார்கள். வயதான ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று ராமாயியிடம் கேட்டார். "ஏம்மா, அந்தப் பையன் காசு குத்தத்தானே போனான்? எதுக்கம்மா இடிச்சாரு?" ராமாயி அதற்கு வாயைத் திறந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இளங்கோ போலீசில் புகார் கொடுக்கவில்லை என்று கருப்புசாமி பிறகு வந்து சொன்னார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. யூபோனிய இடம் செல்வக்குமாருக்குப் போனது. அந்த டிராம்போன் மவுத்பீஸில்தான் ஊதுகிறான். சத்தம் தூரம் போகிறது, யாரும் கிட்டே வருவதில்லை. பங்குனியில் ராமாயி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனாள். நான் மறுபடியும் வெளியூர் போனேன், வந்தேன், போனேன். நடுவில் ஒரு தடவை அவிநாசிபாளையத்தில் பஸ் நின்றபோது, டீக்கடையில் இளங்கோ மாதிரி ஒருவரைப் பார்த்தேன். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இறங்கிக் கேட்பதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள். இறங்கியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது.

2009 ஆகஸ்டில், தெரியாத ஒரு எண்ணிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அடித்திருக்க வேண்டும், ஒரே செய்தி மூன்று துண்டாக வந்தது. சேர்த்து எழுதுகிறேன்.

"தங்கச்சி நான் பாண்டி. ரெண்டரை வருசம் அதத் தொடல. நேத்து எங்கூர் அம்மன் கொடையில ஊதுனேன். பெரிய மவுத்பீஸ்தான். ஒரு ஆளு கையத் தூக்கிட்டு நேரா வந்தான். கண்ண மூடிக்கிட்டேன். ஒதடு நடுங்கி சுரம் கெட்டுப்போச்சு, ஆனா வாய எடுக்கல. கண்ணத் தொறந்தா சட்டையில நோட்டு இருந்துச்சு. ராமாயி பாத்துட்டு நின்னா. இளங்கோ சார் பல்லு கட்டிட்டாரான்னு கேட்டுச் சொல்லு. நான் வந்து பாத்தா அடிப்பாரா, அதையும் கேளு. அடிச்சாலும் வாரேன்."